‘ஈஸி ஏ.பி.’ என்கிறார்களே, மகளை எடுக்கவிடலாமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. அடுத்த வருடப் பாடங்களை இந்த மாதக் கடைசிக்குள் பள்ளியில் சொல்லியாக வேண்டும். ஏ.பி. (ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) வரிசையில் என்விரான்மென்டல் சயின்ஸ், அதாவது சுற்றுச்சூழல் அறிவியல்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். போன அக்டோபரில் பள்ளியிலிருந்து ஓர் ஓடைக்குக் கூட்டிப்போய், கற்களைப் புரட்டி அடியில் இருக்கும் பூச்சிகளை எண்ணச் சொன்னார்களாம். அன்றிலிருந்து இதே பேச்சு. என் கணவருக்குப் பிடிக்கவில்லை. “நாங்க இன்ஜினியரிங் படிக்கும்போது ஈ.வி.எஸ்.னு சுற்றுச்சூழல் பத்தி ஒரு பேப்பர் இருந்துச்சு. முதல் நாள் ராத்திரி புரட்டிப் பாத்துட்டுப் போய் எழுதினோம். அதுக்கெல்லாம் ஒரு ஏ.பி.யா?” என்கிறார். ஏ.பி. கெமிஸ்ட்ரி எடுக்கட்டும் என்பது அவர் கட்சி. தெரிந்தவர்களும் இதை ‘ஈஸி ஏ.பி.’ என்றுதான் சொல்கிறார்கள். இந்த வருடம் ஹானர்ஸ் கெமிஸ்ட்ரியில் (சாதாரண வகுப்பைவிட ஒரு படி கடினமானது) அவளுக்கு ‘பி’ வருகிறது. கெமிஸ்ட்ரிக்குப் பயந்து இதற்குள் ஒளிகிறாளோ என்று எனக்கும் உள்ளூர ஒரு சந்தேகம். கல்லூரிகள் இதை மதிக்குமா? இதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எடுக்கட்டும். ஹைஸ்கூலில் இந்தப் பாடத்தை நடத்துகிறவள் என்ற முறையில் தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் உங்கள் உள்ளூரச் சந்தேகத்தையும் தள்ளிவிட மாட்டேன். வேதியியலிலிருந்து தப்பிக்க இதை எடுத்தால் அவளுக்குத்தான் ஏமாற்றம். இந்தப் பாடத்தின் கடினமான இடங்களெல்லாம் வேதியியலில்தான் போய் முடிகின்றன. விருப்பத்தோடு எடுக்கிற பிள்ளையை இது வேதியியல் பக்கமே திருப்பி அனுப்பும். ஒளிய வந்த பிள்ளை பிப்ரவரி, மார்ச்சில் திணறிப்போகும்.

முதலில் உங்கள் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் கல்லூரி முடித்த நம் தலைமுறையில் பலரும் இதையேதான் சொல்கிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் எல்லா மாணவருக்கும் கட்டாயப் பாடமாக வேண்டும் என்றது. பின்னால் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புக்கும் ஆறு மாதத் தாள் ஒன்றை வகுத்தது. எவ்வளவு பெரிய நோக்கம்! ஆனால் பல கல்லூரிகளில் அது யாருடைய பாடமும் இல்லாத பாடமாகிவிட்டது. எந்தத் துறை ஆசிரியருக்கு நேரம் இருந்ததோ அவர் நடத்தினார், பிள்ளைகள் கைடைப் பார்த்து எழுதினார்கள். அந்த நினைவை வைத்துக்கொண்டு இங்கே இந்தப் பாடத்தின் பெயரைக் கேட்டால் இளக்காரமாகத்தான் தோன்றும்.

பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இது வேறு பாடம். ஏ.பி. பாடங்களையும் தேர்வுகளையும் நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு இதற்கு முதல் தேர்வை நடத்தியது 1998-இல். கல்லூரி முதல் ஆண்டில் ஒரு பருவம் நடக்கும் சுற்றுச்சூழல் அறிவியல் பாடத்துக்கு ஈடாக இதை அமைத்திருக்கிறார்கள். ஒன்பது அலகுகள். சூழல் மண்டலத்தில் தொடங்கி, உயிர்ப்பன்மை, மக்கள்தொகை, மண்ணும் காற்றும், நிலமும் நீரும், எரிசக்தி, காற்று மாசு, நீர் நில மாசு என்று போய், புவி முழுவதுமான மாற்றங்களில் முடிகிறது. தேர்வில் அந்தக் கடைசி அலகுக்குத்தான் எடை அதிகம், 15 முதல் 20 சதவீதம். மொத்தம் 2 மணி 40 நிமிடத் தேர்வு. 90 நிமிடத்தில் 80 கொள்குறி வினாக்கள், மதிப்பெண்ணில் 60 சதவீதம். பிறகு 70 நிமிடத்தில் மூன்றே மூன்று விரிவான கேள்விகள், மீதி 40 சதவீதம். 2025 முதல் முழுத் தேர்வும் கணினியில்தான்.

இனி அந்த ‘ஈஸி’ விஷயம். ஏ.பி. மதிப்பெண் 1 முதல் 5 வரை, 5தான் உச்சம். 2021 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் இந்தத் தேர்வில் 5 வாங்கியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரைக்கூட எட்டவில்லை. ஏ.பி. கெமிஸ்ட்ரியில் 5 வாங்கும் விகிதம் இதைவிட அதிகம். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு கணவரிடம் வாதாட வேண்டாம், அது முழு நியாயமாகாது. கெமிஸ்ட்ரிக்கு வருபவர்கள் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள். இதை எடுப்பவர்களில் வாழ்க்கையிலேயே முதல் ஏ.பி. எழுதுபவர்களும் உண்டு, சில பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் உண்டு. எண் எதைக் காட்டுகிறது என்றால், படிக்க இலகுவாக இருக்கும் பாடத்தில் எழுதுவது அவ்வளவு இலகுவாக இல்லை என்பதைத்தான். பாடப்புத்தகத்தைக் கதைபோல வாசித்துக்கொண்டு போகலாம். எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். பாதிப் பேர் கோட்டைவிடுவது அங்கேதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். விரிவான கேள்விகளில் அடிக்கடி வரும் வகை இது: வயலுக்கோ புல்வெளிக்கோ போட்ட உரம் மழையில் கரைந்து ஏரிக்குள் போகிறது. ஏரியில் மீன்கள் ஏன் சாகின்றன, விளக்குக.

வகுப்பில் நன்றாகப் பேசுகிற பிள்ளைகூட முதல் தடவை இப்படி எழுதும்: “உரத்தில் உள்ள ரசாயனம் தண்ணீரை மாசுபடுத்துகிறது. அதனால் மீன்களுக்கு நஞ்சாகி அவை இறக்கின்றன.” படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. மதிப்பெண் பூஜ்யம். மீன் நஞ்சால் சாகவில்லை, மூச்சுத் திணறிச் சாகிறது. உரத்திலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உணவு. பாசி பெருகி நீர்ப்பரப்பை மூடுகிறது. அடியில் உள்ள செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் அவை மடிகின்றன. பாசியும் கொஞ்ச நாளில் மடிந்து கீழே இறங்குகிறது. இவ்வளவையும் சிதைக்க பாக்டீரியா பெருகுகிறது. அந்த பாக்டீரியாதான் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த நீரில் மீன் பிழைப்பதில்லை.

இதில் எந்தக் கண்ணியை விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். “பாசி ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது” என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். பாக்டீரியா என்ற அந்த ஒரு சொல் இல்லாததால் மதிப்பெண் போகும். “சுற்றுச்சூழலுக்குக் கேடு”, “மாசு அதிகமாகும்” என்ற வாக்கியங்களுக்கு இந்தத் தேர்வில் மதிப்பே இல்லை. எந்த மாசு, எங்கிருந்து, எப்படி, யாருக்கு என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டும். தீர்வு கேட்டால், “மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்” என்று முடிக்கக் கூடாது. ஓடைக் கரையில் மரமும் புதரும் கொண்ட ஒரு பட்டையை விட்டுவைத்தால், ஓடி வரும் உரத்தை வேர்கள் எடுத்துக்கொள்ளும் என்று எழுத வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கட்டுரை நடையில் பொதுவாக எழுதிப் பழக்கம், அதை உடைக்கவே எனக்கு ஒரு பருவம் போய்விடுகிறது.

இது எங்கோ நடக்கிற கதை என்று அவள் நினைக்க வேண்டியதில்லை. உங்கள் மாநிலத்திலேயே பார்னிகாட் விரிகுடாவின் நிலை இதுதான். சுற்றிலும் உள்ள வீடுகளின் புல்வெளிகளிலிருந்தும் சாலைகளிலிருந்தும் வரும் நைட்ரஜன் அங்கேதான் சேர்கிறது. அதற்காகவே 2011-இல் நியூஜெர்சி உரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. மண் பரிசோதனையில் தேவை என்று தெரிந்தாலொழிய, ஏற்கெனவே வளர்ந்த புல்வெளிக்குப் பாஸ்பரஸ் போடக் கூடாது. வீட்டுக்காரர்கள் நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை உரமே போடக் கூடாது, அப்போது புல் அதை எடுத்துக்கொள்ளாது, மழையோடும் பனியோடும் ஓடைக்குத்தான் போகும். உங்கள் கராஜில் உர மூட்டை இருந்தால் அதன் மேல் மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். நடுவில் இருப்பதுதான் பாஸ்பரஸ். பெரும்பாலும் 0 என்றே இருக்கும். ஏன் 0 என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கணக்கும் உண்டு. மூன்று விரிவான கேள்விகளில் ஒன்று கணக்கையும் சேர்த்தே வரும். கால்குலேட்டர் அனுமதி உண்டு, ஆனால் சூத்திரத் தாள் தர மாட்டார்கள். கணக்கு பெரிதல்ல, எட்டாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல்தான். ஆனால் வாட், கிலோவாட் போன்ற அளவீட்டு அலகுகள் பிசகினால் எல்லாம் போச்சு. ஒரு வீட்டில் 60 வாட் குண்டு பல்புகள் 20 இருக்கின்றன, ஒவ்வொன்றும் நாளுக்கு 5 மணி நேரம் எரிகிறது, எல்லாவற்றையும் 9 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் வருடத்துக்கு எவ்வளவு மின்சாரம் மிச்சம்? பல்புக்கு 51 வாட், இருபதுக்கு 1,020 வாட், அதாவது 1.02 கிலோவாட். ஐந்து மணி நேரத்துக்கு 5.1 கிலோவாட் மணி. 365-ஆல் பெருக்கினால் 1,861.5. ஊரில் நாம் ‘யூனிட்’ என்று சொல்லிப் பழகியது இந்தக் கிலோவாட் மணியைத்தான், ஆகவே கணவர் இந்தக் கணக்கை அவளுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லித் தந்துவிடுவார். விடையைப் போலவே அதற்குப் போன வழிக்கும் தனி மதிப்பெண் உண்டு. மனக்கணக்காகப் போட்டு விடையை மட்டும் எழுதும் கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த மதிப்பெண்ணை இழக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் இந்தப் பழக்கம் நிறையவே இருக்கிறது.

இப்போது கெமிஸ்ட்ரிக்கு வருகிறேன். உங்கள் வீட்டு வாக்குவாதத்தின் மையமே அதுதானே.

கோடையில் நியூஜெர்சியில் காற்றுத் தர எச்சரிக்கை வரும் நாட்களைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் அது ஓசோனுக்காக. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளின் புகையில் நைட்ரஜன் டை ஆக்சைடு இருக்கிறது. வெயில் பட்டால் அதிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு கழன்றுகொள்கிறது. அந்த அணு காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. பெட்ரோல், பெயின்ட் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் இருந்தால் அந்த ஓசோன் கலையாமல் தங்கிப் பெருகுகிறது. அதனால்தான் வெயில் ஏறிய பிற்பகலில் அளவு உச்சத்துக்குப் போகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அந்நேரத்தில் வெளியே விளையாட விடக் கூடாது. இதே ஓசோன் வானத்தில் மிக உயரத்தில் இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது. அங்கே அதை அழித்தது பழைய ஃபிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன். அதிலிருந்து பிரியும் ஒரு குளோரின் அணு, தான் அழியாமலேயே ஓசோன் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைத்துக்கொண்டே போகும், ஒரு லட்சம் வரை. இது தெரிந்ததால்தான் 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது.

இதில் எது சுற்றுச்சூழல், எது கெமிஸ்ட்ரி என்று பிரிப்பீர்கள்? வினையூக்கி என்றால் என்ன என்று இந்த வருடம் மனப்பாடம் செய்து ‘பி’ வாங்கிய பிள்ளை, அடுத்த வருடம் குளோரின் அணு செய்யும் வேலையைப் பார்க்கும்போது அதைப் புரிந்துகொள்ளும். பி.எச். அளவு 5-லிருந்து 4-க்கு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறியது என்பது புத்தகத்தில் ஒரு வரி. ஓடை நீரில் காகிதத்தை நனைத்துப் பார்க்கும்போதுதான் அந்தப் பத்து மடங்கு உறைக்கிறது. கெமிஸ்ட்ரியில் சுமாராக இருந்த பிள்ளைகள் இந்த வகுப்புக்குப் பிறகு பன்னிரண்டாம் வகுப்பில் ஏ.பி. கெமிஸ்ட்ரியைத் தாங்களாகக் கேட்டு எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் விருப்பம் முதலில் வந்த பிள்ளைகளிடம் இது நடக்கிறது.

ஆகவே என் யோசனை இது. இந்த வருட ஹானர்ஸ் கெமிஸ்ட்ரியை அவள் அரைகுறையாக விடக் கூடாது, இருக்கிற மாதங்களில் அதைச் சரியாக முடிக்கட்டும். பதினொன்றில் ஏ.பி. என்விரான்மென்டல் சயின்ஸும் வழக்கமான பிசிக்ஸும் எடுக்கட்டும். பன்னிரண்டில் ஏ.பி. கெமிஸ்ட்ரியோ ஏ.பி. பயாலஜியோ எடுக்க இடம் வைத்துக்கொள்ளுங்கள். “இதுவா அதுவா” என்பதை “இது முதலில், அது பிறகு” என்று மாற்றினால் வீட்டில் பாதிச் சண்டை அடங்கும். காலேஜ் போர்டு இந்தப் பாடத்துக்கு முன் இரண்டு வருட ஆய்வக அறிவியலும் ஒரு வருட அல்ஜீப்ராவும் முடித்திருக்கச் சொல்கிறது. பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் முடித்து வரும் உங்கள் மகளுக்கு இது சரியான வருடம்.

கல்லூரிகள் மதிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்கையில் பார்ப்பவர்கள் ஒரு பாடத்தைத் தனியாக எடுத்து எடைபோடுவதில்லை. அந்தப் பள்ளியில் என்னென்ன கிடைத்தது, அதில் இந்தப் பிள்ளை எதைத் தேர்ந்தது, நான்கு வருடமும் ஒரு போக்கு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். அறிவியலில் இந்த ஒரு ஏ.பி.யோடு நிறுத்திவிட்டு இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பித்தால் மெலிவாகத் தெரியும், அதில் உங்கள் கணவர் சொல்வது சரி. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கால்குலஸ் மூன்றும் இல்லாமல் இன்ஜினியரிங் பக்கம் போக முடியாது. அவற்றோடு சேர்ந்து இது நின்றால், அதுவும் ஓடைக்குப் போய் அளந்து எழுதிய வேலையோடு நின்றால், அந்த விண்ணப்பத்துக்கு ஒரு முகம் கிடைக்கும். கிரெடிட், அதாவது இந்தத் தேர்வு மதிப்பெண்ணைக் கல்லூரிப் பாடத்துக்கு ஈடாக ஏற்பது, வேறு விஷயம். சில கல்லூரிகள் 3-க்கே தருகின்றன, சில 4 அல்லது 5 கேட்கின்றன, சில எதுவுமே தருவதில்லை. அறிவியல் மேஜருக்குக் கணக்கில் எடுக்காமல் பொதுப் பாடமாக மட்டும் ஏற்பவையும் உண்டு. நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கல்லூரிகளின் ஏ.பி. கிரெடிட் பட்டியலைப் பார்த்துவிடுங்கள், அரை மணி நேர வேலைதான். நியூஜெர்சியின் பட்டப்படிப்பு விதியிலேயே பயாலஜிக்கு அடுத்த ஆய்வக அறிவியலாகக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் பக்கத்தில் என்விரான்மென்டல் சயின்ஸுக்கும் இடம் தந்திருக்கிறார்கள் என்பதையும் கணவரிடம் சொல்லலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் பள்ளியில் இதை எப்படி நடத்துகிறார்கள் என்பது. வகுப்பு நேரத்தில் நான்கில் ஒரு பங்காவது கையால் செய்யும் ஆய்வுக்கும் களப்பணிக்கும் போக வேண்டும் என்பது காலேஜ் போர்டின் விதி. நல்ல வகுப்பில் செப்டம்பரிலேயே சோடா பாட்டில்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மண்ணும் செடியும் ஒரு தட்டில், நீரும் நத்தையும் இன்னொன்றில் என்று வைத்துவிடுவார்கள். வாரக்கணக்கில் அதன் ஆக்சிஜன், நைட்ரேட், பி.எச். எல்லாம் அளந்து குறிக்க வேண்டும். எங்கேயோ ஒரு வாரத்தில் நீர் கலங்கி, எண் ஏறி, நத்தை மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். ஏன் என்று கண்டுபிடிக்க அந்தக் குழு பட்டபாடு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. முள்ளங்கி விதைகளை வெவ்வேறு உப்புக் கரைசலில் முளைக்கவைத்து, எந்த அளவில் பாதி விதைகள் முளைக்காமல் போகின்றன என்று பார்ப்பது இன்னொன்று. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு ஓடையை என்ன செய்கிறது என்ற கேள்வி அதிலிருந்தே வந்துவிடும். தேர்வின் மூன்று விரிவான கேள்விகளில் ஒன்று ஆய்வை வடிவமைப்பது பற்றியது. எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், எதை மாறாமல் வைக்கிறோம், ஒப்பிட எது இருக்கிறது என்று கேட்பார்கள். கையால் செய்த பிள்ளைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. வீடியோவில் பார்த்த பிள்ளை தடுமாறும்.

அதனால் பள்ளிக் கவுன்சிலரைப் பார்த்து ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) பற்றிக் கேட்கும்போது, இதை நடத்தும் ஆசிரியரையும் ஒரு பத்து நிமிடம் பார்த்துவிடுங்கள். வருடத்தில் எத்தனை முறை வெளியே கூட்டிப்போவார், விரிவான விடைகளைத் திருத்தித் திரும்ப எழுதவைப்பாரா என்று கேளுங்கள். போன வருடம் இந்த வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையின் லேப் நோட்டைக் காட்டச் சொன்னாலே நிறையத் தெரிந்துவிடும். நோட்டு முழுக்க அச்சடித்த வொர்க்‌ஷீட்டாக இருந்தால், ஏ.பி. பயாலஜியை முதலில் எடுக்கச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அங்கே இந்தப் பாடம் உண்மையிலேயே உங்கள் கணவர் சொன்ன ஈ.வி.எஸ். ஆகிவிட்டிருக்கும்.

மகள் ஓடையில் எண்ணிய பூச்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ்ஃபிளை மூன்றின் இளம்புழுக்களும் ஆக்சிஜன் நிறைந்த நல்ல நீரில்தான் இருக்கும். நீர் கெட்டால் முதலில் காணாமல் போவது அவைதான். சிவப்புப் புழுக்களும் அட்டைகளும் மட்டும் மிஞ்சினால் அந்த ஓடையில் ஏதோ சரியில்லை. ரசாயனப் பரிசோதனை நீர் எடுத்த அந்த நொடியைத்தான் காட்டும். கல்லுக்கடியில் மாதக்கணக்காக வாழும் புழு, அத்தனை மாதமும் அந்த நீர் எப்படி இருந்தது என்பதைக் காட்டும். பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு இது பிடித்துப்போய், நான்கு மாதம் கழித்தும் பிடித்திருக்கிறது என்றால் அது பயத்தால் ஒளிவது இல்லை.

அவள் இருக்கிற இடமும் இந்தப் பாடத்துக்கு வாய்த்த இடம். பருவநிலை மாற்றத்தை மழலையர் வகுப்பிலிருந்தே பெரும்பாலான பாடங்களிலும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்று 2020-இல் முதலில் முடிவெடுத்த மாநிலம் நியூஜெர்சி, 2022 செப்டம்பரில் அது வகுப்புக்கு வந்தது. இன்னொரு பக்கம், நஞ்சு புதைந்த பழைய தொழிற்சாலை இடங்களைச் சுத்தம் செய்ய 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் பட்டியலில் இந்த மாநிலத்து இடங்கள் மட்டும் நூற்றுக்கு மேல், வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. நியூவர்க்கில் பசாயிக் ஆற்றங்கரையில் வியட்நாம் போருக்கான களைக்கொல்லி செய்த தொழிற்சாலையின் டையாக்ஸின் என்ற நச்சு இன்னும் ஆற்றின் அடிச்சேற்றில் இருக்கிறது. குடிநீரில் பி.எஃப்.ஏ.எஸ். என்ற, எளிதில் சிதையாத வகை ரசாயனத்துக்கு நாட்டிலேயே முதலில் வரம்பு வைத்ததும் நியூஜெர்சிதான். 2018-இல் அந்த வகையில் ஒன்றுக்கு வைத்த வரம்பு, லட்சம் கோடிப் பங்கில் 13 பங்கு. உங்கள் குடிநீர் நிறுவனம் வருடா வருடம் அனுப்பும் தண்ணீர்த் தர அறிக்கையைக் குப்பையில் போடாமல் அவளிடம் கொடுங்கள். அதில் உள்ள பல விஷயங்கள் இந்தப் பாடத்தின் எட்டாவது அலகான நீர் நில மாசில் வருகின்றன.

வேலையைப் பற்றி ஒன்றும் கவலைப்பட வேண்டாம். சுற்றுச்சூழல் பொறியாளர்களின் இடைநிலைச் சம்பளம் 2024 மே கணக்கில் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேல், சுற்றுச்சூழல் அறிவியலாளர்களுக்கு 80,000 டாலர் அளவில். கணினித் துறையோடு ஒப்பிட்டால் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. குடிநீர், கழிவுநீர், நஞ்சு நிலச் சீரமைப்பு, காற்றுத் தரம், பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல் சட்டம், செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை ஆராய்வது என்று வழிகள் பல. பொறியாளராக வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற இன்ஜினியரிங் பட்டம் வேண்டும், அதற்குத்தான் மறுபடியும் கெமிஸ்ட்ரியும் கால்குலஸும். பதினொன்றாம் வகுப்புப் பாடத் தேர்வில் இவ்வளவு தூரம் தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மாதக் கடைசிக்கு முன் ஒரு சனிக்கிழமை இதைச் செய்யுங்கள். கடந்த ஆண்டுகளின் விரிவான கேள்விகளையும், அவற்றுக்கு மதிப்பெண் போட்ட விதத்தையும், மாணவர்கள் எழுதிய சில விடைகளையும் காலேஜ் போர்டு தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 2021-க்குப் பிந்தையதாகப் பார்த்து எடுங்கள், 2019 வரை இருந்தது நான்கு கேள்விகள் கொண்ட பழைய அமைப்பு. ஒரு கேள்வியை மகளிடம் கொடுத்து, தெரிந்ததை வைத்து 25 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பாடமே படிக்காததால் பத்துக்கு இரண்டோ மூன்றோதான் வரும், அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். பிறகு மதிப்பெண் முறையைப் பக்கத்தில் வைத்து அவளையே திருத்தச் சொல்லுங்கள், கணவரும் கூட உட்காரட்டும். எந்த இடத்தில் மதிப்பெண் போனது என்று பார்த்துவிட்டு, அதைத் திரும்ப எழுத அவளாகவே பேனாவை எடுத்தால், படிவத்தில் ஏ.பி. என்விரான்மென்டல் சயின்ஸ் என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை